துணியில் தைத்த வீடு

என் அண்ணன் நல்லவன். ஊரே சொல்லும், நானும் சொல்வேன். அதுதான் பெரிய தொல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் முதல் மாதமே நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு மூட்டை கட்டியிருப்பேன். நல்லவனிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

என் கணவர் லாரி ஓட்டியவர். மலைப்பாதை வளைவு ஒன்றில் லாரி கவிழ்ந்து, இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து எங்களை நேராகத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தவன் அண்ணன்தான். கட்டடக் கான்ட்ராக்டர். மாடி மேல் மாடியாக, வாசலில் தூண் வைத்த வீடுகளாகக் கட்டித் தள்ளுகிறவன். அவன் வீடும் அப்படித்தான். கீழே எங்களுக்கு ஓர் அறை கொடுத்தான், சக்கர நாற்காலி வாங்கித் தந்தான், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அந்த வீட்டில் குளியலறைக் கதவு மட்டும் குறுகல். வாசலில் உயரமாக ஒரு படி வேறு. நாற்காலி உள்ளே போகாது. "நான் தரையில கையூனிப் போயிடறேன் மச்சான்" என்று இவர் சொன்னார். ஒரு தடவை அப்படிப் போகவும் போனார். அதைப் பார்த்துவிட்டு அண்ணன் கண் கலங்கிவிட்டான். "என் வீட்டு மாப்பிள்ளை தரையில தவழ்ந்து போறதா? நான் எதுக்கு இருக்கேன்?" என்று அன்றைக்கே கையில் ஏந்திக்கொண்டான். அதற்குப் பிறகு தினமும் அவன்தான் தூக்கிக்கொண்டு போவான். உட்கார வைப்பான். விழுந்துவிடப் போகிறாரே என்று கதவைத் திறந்தே வைத்து, வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு சிமென்ட், கம்பி, கூலியாட்கள் என்று பேசிக்கொண்டே இருப்பான். பகலில் போன் போட்டால் போதும், கட்டடத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு பைக்கில் பறந்து வருவான்.

வீட்டுக்கு வந்தவர்கள் இதைப் பார்த்து உருகுவார்கள். "இந்தக் காலத்துல யாருங்க தங்கச்சி புருஷனை இப்படிப் பார்த்துப்பாங்க?" என்பார்கள். அண்ணன் கைகளில் கிடந்தபடியே இவரும் அவர்களைப் பார்த்துச் சிரித்து வைப்பார். அந்தச் சிரிப்பை நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன். கடன்காரனைப் பார்த்து வருகிற சிரிப்பு அது.

நான் தையல்காரி. தெருமுனையில் சின்னக் கடை. ஒரு நாள் மத்தியானம் வந்து பார்த்தால் இவருக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறார். டாக்டர் பரிசோதித்துவிட்டு, "இவர் தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் நான் நிரப்பி வைக்கிற செம்பு சாயங்காலம் காலியாகத்தானே இருக்கும்?

ஆட்டோவில் திரும்பும்போது கேட்டேன். ஜன்னல் பக்கத்துச் செடிக்கு ஊற்றிவிடுவாராம்.

"ஏங்க?"

"உங்க அண்ணன் பாவம். அவருக்கும் வேலை இருக்கு இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு மனுஷன் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க யோசிக்க வேண்டியிருக்கிறது, அதுவும் அன்பான வீட்டில். அந்த ஆட்டோவிலேயே முடிவு கட்டிவிட்டேன். இவர் யாரையும் கூப்பிடாமல் தானாகக் குளியலறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். எனக்கு வேண்டிய வீடு அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதைச் சுற்றி எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும்.

எங்களுக்கென்று ஒரு மனை இருந்தது. இவர் வண்டி ஓட்டிய காலத்தில் வாங்கிப் போட்டது. ஒரு பழைய கிடங்கின் பின்புறம், முன்னால் அகலமாக ஆரம்பித்துப் பின்னால் குறுகிக்கொண்டே போகும். வெட்டியது போக மிஞ்சிய துணி மாதிரி. "இதை வித்துத் தொலைச்சிடும்மா" என்று அண்ணன் பார்க்கும்போதெல்லாம் சொல்வான். மிஞ்சிய துணியில்தான் நான் எத்தனையோ குழந்தைகளுக்குச் சட்டை தைத்திருக்கிறேன் என்பது அவனுக்குத் தெரியாது.

முதலில் அவனிடம்தான் கேட்டேன். கேட்கவில்லை என்று பேர் வரக் கூடாதல்லவா?

"சின்னதா ஒரு வீடு போட்டுக் குடுண்ணா. ஒரு ரூம், அடுப்படி, பெரிய குளியலறை. போதும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறினான். "என் தங்கச்சிக்கு நான் கோழிக்கூடு கட்டிக் குடுக்கறதா? பார்த்தவன் என்ன சொல்வான்? ஊருக்கெல்லாம் பங்களா, தங்கச்சிக்குப் பொந்துன்னு சொல்வான். கொஞ்சம் பொறு. இங்கேயே பக்கத்துல பெரிசா ஒரு போர்ஷன் எடுக்கறேன்."

"எப்போ?"

"எடுப்போம்."

இந்த "எடுப்போம்" என்ற சொல்லை அவன் கட்டடம் கட்டும் ஆட்களிடம் எத்தனை மாதம் சொல்லி இழுத்தடிப்பான் என்று எனக்குத் தெரியும். "சரிண்ணா, அப்ப நானே கட்டிக்கறேன்" என்றேன்.

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை, குழந்தை பேசுவதைக் கேட்டுச் சிரிக்கிற சிரிப்பு. "வீடு என்ன ஜாக்கெட்டா?"

"ஜாக்கெட்டைவிடச் சுலபம்ணா. வீடு சதை போடாது. இடுப்பு பிடிக்குதுன்னு குறை சொல்லாது. நாளைக்குக் கல்யாணம்னு இன்னைக்கு வந்து நிக்காது."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். "விடுங்க, அவ ஒத்தக் கால்ல நிக்கறா" என்றாள் அவனிடம்.

"எங்க ரெண்டு பேருல அவளாலதான் அது முடியும்" என்றார் இவர். இவர் வாய்க்குக் கால் போன கவலையே கிடையாது. அண்ணனுக்கு அந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது. சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டான்.

வீட்டுக்கு வரைபடம் என்று ஒன்று வேண்டும் என்றார்கள். எனக்குக் காகிதத்தில் சிறிதாக்கி வரைவது பிடிபடவே இல்லை. எந்த உடம்பையும் நான் சின்னதாக்கிப் பார்த்ததில்லை, உள்ளபடிதான் வெட்டுவேன். அதனால் வீட்டையும் உள்ளபடியே வெட்டினேன். கடையில் மூட்டை மூட்டையாக லைனிங் துணி மிச்சம் கிடந்தது. கடைக்கு முன்னால் இருந்த சிமென்ட் தரையைப் பெருக்கி, துணியை விரித்து, சக்கரத்தில் சாக்பொடியைப் பூசி இவரை நாற்காலியோடு அதன் மேல் ஒரு வட்டம் அடிக்கச் சொன்னேன். முழு வட்டம். தெருவில் போனவர்கள் எல்லாரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். லாரியை மைதானத்தில் சுற்றிக் காட்டுவது போல இவர் ஒரு கையைத் தூக்கி அவர்களுக்குச் சலாம் போட்டார். அந்த வட்டத்தைச் சுற்றித்தான் குளியலறையின் நாலு ஓரத்தையும் வெட்டினேன்.

பிறகு உடம்பளவு எடுத்தேன். தோளிலிருந்து உள்ளங்கை வரை எவ்வளவு, உட்கார்ந்தபடி எட்டினால் எதுவரை, கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கினால் எந்தப் பக்கம் சாய்கிறார். வண்டி ஓட்டிய கைகள். பிடி கிடைத்தால் அந்த உடம்பை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகும். அண்ணன் வீட்டில் பிடிக்க ஒன்றும் இல்லை, அண்ணனைத் தவிர.

குளியலறை நீலத் துணி, அடுப்படி மஞ்சள், படுக்கிற அறை வெள்ளை. மூன்றையும் ஓரத்தோடு ஓரம் வைத்துத் தைத்தேன். முழு வீடும் ஒரே விரிப்பாக வந்தது. அதை மடித்து மனைக்கு எடுத்துப் போய், விரித்து, மூலைகளில் ஆணி அடித்து இழுத்துக் கட்டினேன். இவர் துணியின் மேலேயே நாற்காலியை ஓட்டிக்கொண்டு அறை அறையாகப் போய் வந்தார். "இங்கே ஜன்னல் வேணும். தெருவுல போற வண்டி தெரியணும்" என்றார். எத்தனை வீட்டில் நடக்கும் இது, கட்டுவதற்கு முன்பே குடித்தனம் நடத்திப் பார்ப்பது?

அனுமதிக்காகச் செருப்புத் தேய அலைந்த கதை வேண்டாம். கொத்தனார் கிடைத்த கதையும் பெரிசு. ஊரில் பாதிப் பேர் அண்ணனிடம் வேலை பார்க்கிறவர்கள், அவனுக்குப் பயந்து மழுப்பினார்கள். கடைசியில் அவனோடு சண்டை போட்டு விலகி வந்த ஒரு கொத்தனார் மாட்டினார். எப்போதும் தனக்குள் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார் என்பதால் அவருக்கு முணுமுணு என்று பேர். அஸ்திவாரமும் கூரையும் அவர் பொறுப்பு, சுவர் எங்கள் பொறுப்பு என்று பேசி முடித்தோம். துணியின் தையல் வழியாகவே சுண்ணாம்புக் கோடு போட்டோம். கோட்டில் அவர் அஸ்திவாரம் போட்டார். முதல் வரிசைக் கல்லை எப்படி வைப்பது, நூல் எப்படிப் பிடிப்பது என்று காட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

பிறகு நாங்கள்தான். காலையில் மனை, மத்தியானத்துக்கு மேல் தையல் கடை. நான் கலவை குழைத்துத் தருவேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி இவர் கை எட்டுகிற உயரம்வரை இவர் கல் வைப்பார். அதற்கு மேலே நான். இவர் வைத்த வரிசைகள் நூல் பிடித்தாற்போல் இருக்கும். என்னுடையது கொஞ்சம் முன்னே பின்னே. "மேலே வரவர ரோடு மோசம்" என்பார். ஜன்னலை நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரு தெரிகிற மாதிரி வைத்தோம். வழியில் எட்டிப் பார்த்த முணுமுணு, "ஜன்னல் இவ்வளவு கீழேயா டைலரம்மா? நிக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாதே" என்றார்.

"நிக்கறவங்க குனிஞ்சு பார்க்கட்டும்" என்றேன்.

அந்த நாட்களில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமில்லை. கையெல்லாம் வெடித்துப்போய், பட்டுத் துணி நகத்தில் மாட்டி இழுத்தது. கடைக்கு வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும் என்று இருந்தேன்.

சுவர்கள் எல்லாம் ஜன்னலின் மேல்மட்டத்துக்கு வந்திருந்தன. "குளியலறையை ஓட்டிப் பார்த்துடறேன்" என்று இவர் உள்ளே போனார். போனவர் திரும்பவில்லை. எட்டிப் பார்த்தேன். முன்னால் போகிறார், இடிக்கிறது. ரிவர்ஸ் எடுக்கிறார், ஒடிக்கிறார், மறுபடி இடிக்கிறது. பக்கவாட்டில் கல்லில் சக்கரம் தேய்கிற சத்தம். நான் இன்னும் கொஞ்சம் ஒடியுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இவர் கையை எடுத்துவிட்டார்.

"எத்தனையோ சந்துல வண்டியைத் திருப்பியிருக்கேன். இது திரும்பாதும்மா."

டேப்பை எடுத்து உள்ளே அளந்தேன். நீலத் துணியை அளந்த அளவு எங்கே, இது எங்கே? நீளத்தில் இடம் இருந்தது, அகலத்தில்தான் சரியாக ஒரு சுவரின் கனம் குறைந்திருந்தது. இந்தப் பக்கச் சுவரில் பாதி, அந்தப் பக்கச் சுவரில் பாதி உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. துணிக்குக் கனம் கிடையாது. ஒரு துண்டும் இன்னொரு துண்டும் சேருகிற இடத்தில் நூல்தான் இருக்கும். நான் நூல் ஓடிய இடத்தில் கல்லை அடுக்கிவிட்டேன். உலகத்தில் வேறு யாரும் செய்யமாட்டார்கள், ஒரு தையல்காரிதான் சுவரே இல்லாத வீட்டுக்கு அளவெடுப்பாள்.

அண்ணன் அதுவரை மனைப் பக்கம் காலெடுத்து வைத்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்து வந்து நின்றான். யார் சொன்னார்களோ தெரியாது. நான் டேப்போடு நின்ற நிலையையும், உள்ளே நாற்காலி குறுக்காக நின்ற நிலையையும் பார்த்தான். அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"சுவர் கனத்தைச் சேர்க்கலையா?" என்றான்.

அவன் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாக உள்ளே போனான், குனிந்தான், இவர் கழுத்துக்குக் கீழே ஒரு கை, இடுப்பில் ஒரு கை கொடுத்து, பழக்கப்பட்ட மாதிரியே தூக்கி வெளியே கொண்டுவந்து ஒரு கல் குவியல் மேல் உட்கார வைத்தான். பிறகு நாற்காலியை எடுத்து வந்தான். நான் கட்டிய வீட்டிலேயே, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"போதும்மா" என்றான் அண்ணன். "நாளைக்கு ஆள் அனுப்பறேன். எல்லாத்தையும் எடுத்துட்டு ஒழுங்கா, பெரிசாப் போட்டுடலாம். எனக்கு இந்த வருஷம் கையில வேலை அதிகம். முடிச்சதும் முதல் வேலை இதுதான். அதுவரைக்கும் நம்ம வீடு இருக்கு, நான் இருக்கேன். மாப்பிள்ளைக்கு என்ன குறை?"

உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குச் சரி என்று சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றியது. அலுத்துப்போயிருந்தேன். அவமானமாக இருந்தது. இவரைப் பார்த்தேன். இவர் கல் குவியல் மேல் உட்கார்ந்தபடி பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனார். அண்ணனைப் பார்த்தார். குடிக்காமல் மூடிக் கீழே வைத்துவிட்டார்.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. "ஆள் வேண்டாம்ணா. தப்பாத் தைச்சா பிரிக்கத் தெரியும் எனக்கு."

"உடைக்கப் போறியா? கட்டினதை உடைக்கிறதாவது?"

"உடைக்கலை. பிரிக்கப் போறேன். கூரை வெளிச்சுவர் மேலதானே உட்காருது? இந்த நடுச்சுவர் வெறும் மறைப்புதானே?"

அவன் சுவரைப் பார்த்தான். கான்ட்ராக்டர் அல்லவா, பொய் சொல்ல வாய் வரவில்லை. "மறைப்புதான்" என்றான்.

"அப்ப அதை அடுப்படிப் பக்கம் தள்ளி வைக்கிறேன். மெல்லிசான கல்லுல."

"அடுப்படியில அப்புறம் ஒரு ஆள்தான் நிக்க முடியும்."

"ஒரு ஆள்தான் நிப்பேன்."

"நாலு பேர் பார்த்துச் சிரிப்பாங்கம்மா."

"அந்த நாலு பேரும் இவரை ஒரு நாள் தூக்கிட்டுப் போகட்டும். அப்புறம் சிரிக்கட்டும்."

அண்ணன் இவரிடம் திரும்பி, "நீங்களாவது சொல்லுங்க மாப்பிள்ளை" என்றான்.

இவருக்கு மாப்பிள்ளை முறுக்கு எதுவும் கிடையாது. அண்ணன் எதைச் சொன்னாலும் சரி மச்சான், சரி மச்சான் என்றே காலம் தள்ளியவர். அன்றைக்கு அண்ணனை நேராகப் பார்த்து, "சுத்தியலை இப்படிக் குடும்மா" என்றார் என்னிடம்.

இரண்டு பேருமாகப் பிரித்தோம். மேல் வரிசைகளில் கலவை இன்னும் முழுதாக இறுகவில்லை, கல் முழுசாக வந்தது. கீழ் வரிசைகள் பிடிவாதம் பிடித்தன. இவர் வைத்தவை அல்லவா, நன்றாக வைத்திருந்தார். தன் வேலையைத் தானே திட்டிக்கொண்டு தட்டித் தட்டி எடுத்தார். அண்ணன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். வீட்டில் அன்று யாரும் யாரோடும் பேசவில்லை. ஆனால் குளியலறைக்குத் தூக்கிப் போக மட்டும் அவன் வழக்கம்போல வந்து நின்றான். கோபத்திலும் நல்லவனாகவே இருப்பவனை என்ன செய்ய முடியும்?

இந்த முறை வட்டத்தைத் தரையிலேயே வரைந்து, சுவர் எங்கே நின்றாலும் அதன் உள்முகம் வட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்று கல்லை வைத்து வைத்துப் பார்த்தேன். பூச்சுக்கும் சேர்த்து விட்டேன். மழைக்கு முன்னால் முணுமுணு வந்து தகடு போட்டுக் கூரையை முடித்தார், குளியலறையில் இவர் கைக்கு எட்டும் இடங்களில் பிடிகம்பியும் பதித்தார். கதவு ஜன்னல் எல்லாம் இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடையில் பொறுக்கியவை, ஒன்றுக்கொன்று நிறம் சேராது. பார்ப்பதற்கு வீடு ஒட்டுப்போட்ட சட்டை மாதிரித்தான் இருந்தது. எனக்கு அதைவிட அழகான வீடு இதுவரை கண்ணில் படவில்லை.

நாங்கள் குடிவந்த அன்று அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணன் வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்தான். அவன் கண் ஒவ்வொரு மூலையிலும் போய் நின்றது. சுவரில் என் வரிசைகள் வளைந்திருந்த இடத்தில் கொஞ்சம் அதிகமாகவே நின்றது. அண்ணி ஜன்னலருகே தரையில் உட்கார்ந்து, "இங்கேயிருந்து தெரு நல்லாத் தெரியுதே" என்றாள்.

இவர் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரை எங்கள் எல்லார் எதிரிலும் மடமடவென்று குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியைத் திருப்பினார்.

அண்ணன் சட்டென்று எழுந்துவிட்டான். பழக்கம். சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு, "வாங்க மாப்பிள்ளை" என்று இரண்டு கையையும் நீட்டினான்.

"உட்காருங்க மச்சான்" என்றார் இவர்.

நாற்காலி அவனைத் தாண்டிப் போனது. குளியலறைக்குள் போனது. உள்ளே ஒரே ஒடிப்பில் முழுசாகத் திரும்பியது, இவர் முகம் எங்கள் பக்கம் தெரிந்தது. எங்களைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது.

அண்ணன் நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்றான். பிறகு கதவருகே போய், "மாப்பிள்ளை, ஏதாவது வேணும்னா குரல் குடுங்க, இங்கேதான் நிக்கறேன்" என்றான்.

"அங்கே நிக்காதீங்க மச்சான்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நீங்க நின்னா எனக்கு வராது."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் சிரிக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை நாளும் தன் முதுகுக்குப் பின்னால் என்ன நடந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். பின்னால் நகர்ந்து வந்து என் பக்கத்தில் நின்றான். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நான் கதவைத் திறந்தே வச்சிருந்தேன், இல்லம்மா?" என்றான்.

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. இல்லைண்ணா, நீ செய்ததை யார் செய்வார்கள் என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு மனசு வரவில்லை.

"ஆமாண்ணா" என்றேன்.

உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, நின்றது. அதற்குப் பிறகும் இவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. சும்மாதான் உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியும். நான் கதவைத் தட்டவில்லை.